என்எஃப்எல் சேலஞ்ச்: சிவப்புக் கொடியை எப்போது வீசலாம், எப்போது வீசக் கூடாது?

எண்ட்ஸோன்_ரசிகன் (கேள்வி):
கிரிக்கெட் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவனுக்கு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) சேலஞ்ச், அதாவது கோச் சிவப்புக் கொடி வீசி ரிவ்யூ கேட்பது, பாதிதான் பிடிபடுகிறது. ஒரு அணிக்கு 2 என்கிறார்கள், சில ஆட்டங்களில் 3 வருகிறதே, எப்படி? கடைசி நிமிடங்களில் கோச் ரெஃப்ரியிடம் கத்துகிறாரே தவிர கொடியை எடுப்பதில்லை, ஏன்? டச்டவுன் (பந்தைக் கோல் லைன் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) எல்லாம் தானாகவே ரிவ்யூவுக்குப் போகும் என்றால், கோல் லைன் அருகே நடப்பதற்குக் கோச் ஏன் கொடி வீசுகிறார்? 2012-இல் டெட்ராய்ட் கோச் கொடி வீசியதற்கே தண்டனை வாங்கினார் என்பதும் புரியவில்லை.

நான்காம்_டவுன்:
எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். ஆட்டம் முழுவதற்கும் 2. அதில் ஒன்று ஜெயித்தாலே மூன்றாவது கிடைக்கும். இது 2024-இல் வந்த மாற்றம். அதற்கு முன் இரண்டும் ஜெயித்தாக வேண்டும். நான்காவது கிடையாது.

கொடி வீச, கையில் குறைந்தது ஒரு டைம்அவுட் (அணி கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் வாய்ப்பு) இருக்க வேண்டும். தோற்றால் அது போய்விடும், ஜெயித்தால் தங்கும். டைம்அவுட் பாதிக்கு 3, சேலஞ்ச் ஆட்டத்துக்கு 2. இந்தக் கணக்கைத்தான் கோச் மனதில் வைத்திருப்பார்.

டிஆர்எஸ் பழக்கம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அங்கே 'அம்பயர்ஸ் கால்' வந்தால் ரிவ்யூ கைவிட்டுப் போகாது. இங்கே 'தீர்ப்பு உறுதி' என்று வந்தாலும் சரி, ஆதாரம் போதாததால் 'தீர்ப்பு நிற்கிறது' என்று வந்தாலும் சரி, டைம்அவுட் காலி. தீர்ப்பை மாற்ற ஆதாரம் தெள்ளத் தெளிவாக இருக்க வேண்டும். அதனால் களத்தில் முதலில் என்ன சொன்னார்கள் என்பதுதான் பாதி ஆட்டம்.

ஒவ்வொரு பாதியிலும் 2 நிமிட எச்சரிக்கைக்குப் பிறகும் (பாதி முடிய 2 நிமிடம் இருக்கும்போது வரும் நிறுத்தம்), ஓவர்டைம் (சமனானால் ஆடும் கூடுதல் நேரம்) முழுவதும், ரிவ்யூவைத் தொடங்கும் அதிகாரம் மேலே பெட்டியில் இருக்கும் ரீப்ளே அதிகாரிக்கு மட்டும்தான். கோச் கத்துவது அவர் காதில் விழட்டும் என்றுதான். 2017-லிருந்து கடைசி முடிவு நியூயார்க் மையத்தில் எடுக்கப்படுகிறது. ரெஃப்ரி களத்தோரம் டேப்லெட்டில் பார்த்துக் கலந்து பேசுவார்.

பேக்கர்ஸ்_பக்கம்:
கோல் லைன் கேள்விக்கு: தானாக ரிவ்யூ ஆவது, களத்தில் 'ஸ்கோர்' என்றோ 'டர்னோவர்' (பந்து எதிரணி கைக்குப் போவது) என்றோ அறிவிக்கப்பட்டவை மட்டும் (ஸ்கோர் 2011 முதல், டர்னோவர் 2012 முதல்). 2023-இல் தோற்ற நான்காம் டவுன் முயற்சிகளும் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி) சேர்ந்தன. 'கோட்டுக்கு முன்பே விழுந்தார்' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ அறிவித்தால் அந்தப் பட்டியலில் வராது, கோச்தான் கேட்க வேண்டும்.

சரியான உதாரணம் 2015 ஜனவரி 11, டல்லாஸ் – கிரீன் பே பிளேஆஃப். நான்காம் டவுனில் டல்லாஸின் டெஸ் பிரையன்ட் பிடித்தார், கோட்டுக்குச் சற்று முன்னால் விழுந்தார் என்று அறிவித்தார்கள். ஸ்கோர் இல்லை, டர்னோவர் இல்லை, 4 நிமிடத்துக்கு மேல் பாக்கி. கிரீன் பே கோச் மைக் மெக்கார்த்தி கொடி வீசினார், தரையில் பந்து அசைந்ததால் கேட்ச் ரத்து. கிரீன் பே 26–21 என ஜெயித்தது. 'தரையில் விழுந்து முடியும்வரை பிடி நிலைக்க வேண்டும்' என்ற அந்த விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள்; எடுத்ததுதான் நியாயம்.

டெட்ராய்ட் விஷயம் தானாக வரும் ரிவ்யூ விதியின் மறுபக்கம். 2012 தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்தில் ஹூஸ்டனின் ஜஸ்டின் ஃபோர்செட் முழங்காலும் முழங்கையும் தரையில் பட்டும், விசில் வராததால் எழுந்து 81 யார்டு ஓடினார். டச்டவுன் என்றதால் ரிவ்யூ தானாக வந்திருக்கும். ஆனால் டெட்ராய்ட் கோச் ஜிம் ஷ்வார்ட்ஸ் கொடி வீசிவிட்டார். அன்றைய விதிப்படி 15 யார்டு அபராதம், அதோடு ரிவ்யூவும் ரத்து. கண்ணுக்கு நேராகத் தெரிந்த பிழை அப்படியே நின்றது. ஹூஸ்டன் ஓவர்டைமில் 34–31. அடுத்த சீசனிலேயே விதியைத் திருத்தினார்கள். இப்போது தவறாக வீசினால் ஒரு டைம்அவுட் போகும் (அதுவும் இல்லையென்றால் 15 யார்டு), ஆனால் ரிவ்யூ நடக்கும்.

ஸ்பாட்_சந்தேகம்:
வீசக் கூடாத இடங்களையும் சொல்லுங்கள். முதல் டவுனுக்கு (புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும் தூரத்துக்கு) அரை யார்டு குறைவு என்றால் வீசலாமா?

நான்காம்_டவுன்:
பெரும்பாலும் வேண்டாம். முழங்கால் தரையைத் தொட்ட அதே நொடியில் பந்து எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். குவியலுக்குள் பந்து மறைந்திருக்கும், கேமரா கோட்டுக்கு நேராக இருக்காது, கோணம் சாய்ந்தாலே அரை யார்டு பொய் சொல்லும். 2025 முதல் செயினுக்குப் (தூரம் அளக்கும் சங்கிலி) பதில் ஹாக்-ஐ (கேமரா முறை) அளக்கிறது என்பதால் குழம்ப வேண்டாம். பந்தை வைக்கும் இடத்தை இன்னமும் அதிகாரிதான் முடிவு செய்கிறார், அங்கிருந்து தூரத்தைத்தான் இயந்திரம் அளக்கிறது.

வீசத் தகுந்தது பக்கக்கோட்டில் பிடித்த பந்து (இரண்டு பாதங்களின் விரல்களும் உள்ளேயா என்பது படத்தில் பளிச்சென்று தெரியும்), 'கீழே விழுந்தபின்தான் பந்து நழுவியது' என்று அறிவித்த ஃபம்பிள். இரண்டாவதில் பந்தை உடனே யார் கைப்பற்றினார் என்பதும் படத்தில் தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து கிடைக்காது. ஹோல்டிங், ஆஃப்சைடு போன்ற அபராதத் தவறுகளைக் கேட்க முடியாது. பாஸ் இன்டர்ஃபெரன்ஸை (பாஸைப் பிடிக்கவிடாமல் இடையூறு செய்வது) 2019-இல் ஒரே ஒரு சீசன் அனுமதித்து, விட்டுவிட்டார்கள்.

நேரமும் முக்கியம். அடுத்த ஸ்னாப்புக்குள் (பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவது) கொடி களத்தில் விழ வேண்டும். அதனால்தான் சந்தேகமான கேட்ச் முடிந்ததும் எதிரணி அவசரமாக வரிசையில் நிற்கும். டிவியில் ரீப்ளே வருவதற்குள் ஸ்னாப் செய்துவிட்டால் முடிந்தது.

பேக்கர்ஸ்_பக்கம்:
ஒன்று விட்டுப்போனது: 10 நொடி கழிவு. 2 நிமிட எச்சரிக்கைக்குப் பின் ரிவ்யூவில் தீர்ப்பு மாறி, சரியான தீர்ப்பின்படி கடிகாரம் ஓடியிருக்க வேண்டும் என்றால் 10 நொடி கழிப்பார்கள். டைம்அவுட் இருந்தால் கொடுத்துத் தடுக்கலாம். 2017 செப்டம்பரில் அட்லாண்டாவுக்கு எதிராக டெட்ராய்ட் வீரர் கோல்டன் டேட்டின் டச்டவுன் ரத்தானபோது மீதி 8 நொடி, டெட்ராய்ட்டிடம் டைம்அவுட் இல்லை. அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது, அட்லாண்டா 30–26. மூன்றாம் குவார்ட்டரில் அரை யார்டுக்காகக் கொடி வீசுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.