லீவர் கல் மாதிரி நின்றால் நல்ல பிரேக்கா?

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் முன்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்ட கதை இது. ஃபோர்க், வீல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் ஒரே 150 சிசி வண்டியிலிருந்து கிடைத்தன. லீவரை அமுக்கினால் பிரேக் ஆயிலைக் காலிப்பருக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் உடைந்திருந்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியபோது இரட்டை டிஸ்க் உள்ள பெரிய வண்டி ஒன்றின் சிலிண்டர் கையில் சிக்கியது. பார்க்கக் கெத்தாக இருந்தது. பெரிய சிலிண்டர், பெரிய பிரேக் என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன்.

மாட்டி, பிரேக் ஆயிலில் சிக்கிய ஏரை வெளியே எடுத்து, லீவரைப் பிடித்தால் கல் மாதிரி நிற்கிறது. எனக்கு ஒரே பெருமை. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கொல்லிமலை இறக்கத்தில்தான் வந்தது வினை. 70 கொண்டை ஊசி வளைவு. பத்தைத் தாண்டுவதற்குள் முன்கை கடுக்க ஆரம்பித்தது. நான்கு விரலால் இறுக்கினாலும் வண்டி அடங்க யோசிக்கிறது. கியரைக் குறைத்து இறங்கலாம் என்றால், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது, உங்களுக்கே தெரியும்.

திரும்பி வந்து பேட் மாற்றினேன், மறுபடி ஏர் எடுத்தேன், டிஸ்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பலனில்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் சிலிண்டரின் அடியைத் துணியால் துடைத்துக் காட்டினார். வார்ப்பிலேயே 5/8 என்று இருந்தது. உடைந்த பழையதில் 1/2. உள்ளே ஓடும் பிஸ்டனின் விட்டம் அது, அங்குலத்தில். மில்லிமீட்டரில் 15.9, 12.7. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவு போட்டுப் பாருங்கள்: 198 சதுர மி.மீ., 127 சதுர மி.மீ. காலிப்பருக்கு அதே அழுத்தம் போய்ச்சேர நான் ஒன்றரை மடங்குக்கு மேல் அமுக்க வேண்டியிருந்தது. பெரிய சிலிண்டர் ஆயிலை நிறையத் தள்ளும், அழுத்தத்தைக் குறைத்துத்தான் தரும். அந்தக் கல் மாதிரி லீவர்தான் நோயே!

1/2 மாட்டியதும் லீவர் கொஞ்சம் உள்ளே போகிறது. ஆனால் இரண்டு விரல் போதும்.

---

எனக்கு நேர் எதிர், அண்ணே. ஒற்றை டிஸ்க் வண்டியில் இன்னொரு டிஸ்க்கும் காலிப்பரும் சேர்த்தேன், சிலிண்டர் பழைய 1/2. நன்றாகவே கடித்தது. ஆனால் லீவர் உள்ளே வந்து மற்ற இரண்டு விரலை ஆக்ஸிலேட்டரோடு சேர்த்து நசுக்கும். ஏர்தான் என்று நினைத்து நான்கு முறை எடுத்தேன், ஏரே இல்லை. நிரப்ப வேண்டிய இடம் இரண்டு மடங்காகிவிட்டது, தள்ளுகிற ஆயில் அதேதான். 14 மி.மீ. போட்டதும் சரியானது.

---

நான்கு பிஸ்டன் காலிப்பர் போடலாம் என்றிருக்கிறேன். பிஸ்டன் இரண்டு மடங்கு என்றால் சிலிண்டரும் பெரிதாக வேண்டுமா?

---

அவசரப்படாதீர்கள். எதிரெதிரே நிற்கும் நான்கு பிஸ்டன் என்றால், ஒரு பக்கத்து இரண்டை மட்டும் எண்ணுங்கள். 27 மி.மீ. பிஸ்டன் இரண்டு ஒரே பக்கம் உள்ள மிதக்கும் காலிப்பரும் (உடலே பக்கவாட்டில் நகர்வது), பக்கத்துக்கு இரண்டாக அதே 27 மி.மீ. பிஸ்டன் நான்கு உள்ளதும் கணக்கில் ஒன்றுதான், சிலிண்டரை மாற்ற வேண்டாம். மிதக்கும் காலிப்பரில் இரண்டு பிஸ்டனே இரு பக்கத்து இடைவெளியையும் மூடிவிடுகின்றன. எண்ணிக்கையை விடுங்கள், வெர்னியர் வைத்து விட்டத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

---

லீவரையும் பாருங்கள். நான் வேறு வண்டியின் லீவரை மாட்டினேன், துளை பொருந்தியது, சந்தோஷம். ஆனால் அதன் மூக்கு பிஸ்டனை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டுவிட்டது. இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் முன்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது, தள்ளக்கூட முடியவில்லை. ஏர் எடுக்கத் திறக்கும் காலிப்பர் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் தானாக விட்டது.