புது முடி மருந்து வரப்போகுதுங்கறாங்களே, காத்திருக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

கொங்குத் தம்பி:
வணக்கம்ங்க எல்லாருக்கும். கொஞ்ச நாளா போன தொறந்தாலே பிபி405, கிளாஸ்கோடெரோன்னு இன்னும் கடைக்கு வராத இந்த ரெண்டு முடி மருந்து பேருதான் வருது. எனக்கு காலேஜ் முடிக்கறப்பவே நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிருச்சு, இப்ப உச்சிச் சுழியும் தெரிய ஆரம்பிச்சிருச்சு, ஃபினாஸ்டரைடு மாத்திரை போடறதுனால இருக்கறது நிக்குது, போனது வரல. அதனால போனதும் வரும்னு யாராவது சொன்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது, இதுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க.

பிபி405 பத்தி நான் தேடிப் படிச்சத சொல்றேன். வழுக்கை விழுந்த எடத்துலயும் முடிவேர் ஸ்டெம்செல், அதாவது புது முடிய உண்டாக்கற மூலச் செல், சாகறதில்ல, அசையாம கெடக்குது. அந்த செல்லுக்குள்ள பைருவேட்டுனு ஒண்ணு, செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாங்கற பகுதிக்குள்ள போறத தடுத்துட்டா அது லாக்டேட்டா மாறுது, லாக்டேட் கூடுனா செல் முழிச்சுக்குதுன்னு 2017ல கலிபோர்னியா யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆளுங்க எலியில காட்டுனாங்க. அதுலருந்து வந்த கம்பெனிதான் பெலாஜ். 2025 ஜூன்ல 78 பேர வச்சு பண்ணுன சோதனை முடிவ சொன்னாங்க, நாலு வாரம் தினம் ஒரு தடவ தடவி, எட்டாவது வாரத்துல பாத்தா முடி அதிகமா போன ஆம்பளைங்கள்ல 31 சதவீதம் பேருக்கு அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு, பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெறும் கரைசல் தடவுன பக்கம் ஒருத்தருக்கும் அப்படி இல்ல. நாலே வாரத்துல இதுங்கறதுதான் என்ன இழுக்குது. ஆனா அந்த 31 சதவீதம் மொத்த 78 பேருல இல்லீங்க, அதுக்குள்ள ஒரு பிரிவுல மட்டுந்தான். யூடியூப்ல இத யாரும் சொல்றதில்ல.

நீங்க என்னென்ன பாத்திருக்கீங்க, எதயாவது நம்பி காத்திருந்து என்ன ஆச்சு, சொல்லுங்க.

பழைய ஆளு:
தம்பி, "இன்னும் அஞ்சு வருஷத்துல வந்துடும்"ங்கற பேச்ச நான் நோக்கியா போன் வச்சிருந்த காலத்துலருந்து கேட்டுட்டு இருக்கேன். மொதல்ல இங்கிலாந்துல இன்டர்சைடெக்ஸ்னு ஒரு கம்பெனி, பின்னந்தலையிலருந்து கொஞ்சம் செல் எடுத்து லேப்ல பெருக்கி முன்னாடி ஊசி போட்டா முடி வரும்னாங்க, அடெரன்ஸ்னு இன்னொரு கம்பெனியும் அதே வழியில போச்சு, ரெண்டும் பாதியில நின்னுடுச்சு. தட்டுல வளக்கும்போது அந்த செல் முடி உண்டாக்குற கொணத்தயே விட்டுடுது, அதான் சிக்கல். அப்புறம் 2012ல வழுக்கைத் தோல்ல பிஜிடி2ங்கற பொருள் அதிகமா இருக்குன்னு பென்சில்வேனியாவுல கண்டுபிடிச்சாங்க, ஆஹா காரணமே கெடச்சுடுச்சுன்னு நான் அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. அத தடுக்குற செடிபிப்ரான்ட் மாத்திரைய மனுஷனுக்கு குடுத்துப் பாத்தா ஒண்ணும் வளரல. சாமுமெட் கம்பெனி மருந்து, அனுமதிக்கு முன்னாடி நெறைய பேர வச்சு பண்ற மூணாவது கட்டச் சோதனை வரைக்கும் போய் அப்புறம் பேச்சே இல்ல. 2023 கடைசியில சீனாவோட கிண்டர் கம்பெனியோட பைரிலுடமைடு மருந்து, மூணாவது கட்டத்துல பிளாசிபோவோட வச்சுப் பாத்தப்ப வித்தியாசம் கணக்குல நிக்கல.

இதெல்லாம் உன் ஆசைய கெடுக்க சொல்லல தம்பி. எலியில வளந்தது வேற, 78 பேருக்கு வளந்தது வேற, ஆயிரம் பேர வச்சு ஒரு வருஷம் பாத்து வளந்தது வேற. நியூஸ் வந்தா மொதல்ல இதுல எதுன்னு பாரு. ஆசைய விட்டுடாத.

இன்னொண்ணு, என் வயசுக்காரங்க யாராவது படிச்சா: ஃபினாஸ்டரைடு போடுறவங்களுக்கு ப்ராஸ்டேட்டுக்கு பாக்குற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பாதியா கொறஞ்சு காட்டும். நான் செக்கப் போனப்ப ஃபார்ம்ல "வேற மாத்திரை ஏதாவது"ன்னு கேட்ட எடத்துல முடி மாத்திரைய எழுதினேன், டாக்டர் அதப் பாத்துட்டுத்தான் "நல்லவேளை எழுதுனீங்க, இத ரெண்டால பெருக்கித்தான் பாக்கணும்"னார். முடிக்குத்தானேன்னு எழுதாம விட்டுடாதீங்க.

நெல்லைப் பையன்:
அண்ணாச்சி சொன்ன மூணாவது கட்டத்த தாண்டுனது கிளாஸ்கோடெரோன்தான், எனக்கு அதுமேலதான் நம்பிக்கை. முடிய மெலிய வைக்குத டிஹெச்டிங்க ஹார்மோன் வந்து ஒக்காருத எடத்த தோல்லயே அடைச்சிரும், ரத்தத்துல பெருசா கலக்காது. இதே மருந்து 1 சதவீத கிரீமா பருவுக்கு 2020லயே அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குத எஃப்டிஏகிட்ட அனுமதி வாங்கிட்டு, அதனால யாருமே பாக்காத புதுப் பொருள் இல்ல. தலைக்கு 5 சதவீத கரைசல், 1465 ஆம்பளைங்கள வச்சு ரெண்டு சோதனை, 2025 டிசம்பர்ல காஸ்மோ கம்பெனி முடிவ சொல்லிச்சு. ஒண்ணுல பிளாசிபோவ விட 539 சதவீதம், இன்னொண்ணுல 168 சதவீதம் அதிகமா முடி கூடிச்சுன்னு.

அந்த 539ஐ தம்ப்நெயில்ல போட்டு ஒவ்வொருத்தனும் காசு பாக்கான், எனக்கு அதான் வயித்தெரிச்சல். பிளாசிபோவுக்கு அரை முடி கூடி மருந்துக்கு மூணு முடி கூடுனாலும் 500 சதவீதந்தான், ரெண்டு முடி கூடி பன்னெண்டு கூடுனாலும் 500 சதவீதந்தான். கண்ணாடியில பாக்க ரெண்டும் ஒண்ணா? ஒரு சதுர செண்டிமீட்டர்ல எத்தன முடி கூடிச்சுங்கதுதான் நமக்கு வேணும்.

இன்னொரு விசயம் சொல்லியே ஆவணும். என் கூட ரூம்ல இருந்தவன், வெளிவராத மருந்தோட பவுடர டெலிகிராம் குரூப்ல கூட்டா காசு போட்டு வரவழைச்சான். சின்ன ஜிப் கவர்ல வெள்ளைப் பொடி, கவர் மேல பேனாவால எழுதுன நம்பர், அவ்ளோதான், வேற ஒரு காயிதமும் கெடையாது. ஆல்கஹால்ல கலக்கித் தடவுனான், உச்சித் தோல் செவந்து செதில் செதிலா உரிஞ்சுச்சு. உள்ள இருந்தது அந்த மருந்துதானான்னுகூட இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மக்கா, யாரும் இதப் பண்ணாதீங்க.

தஞ்சாவூர்க்காரி:
இங்க எல்லாரும் ஆம்பளைங்களா பேசுறீங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்கு வகிடு அகலமாயிட்டே போச்சு, டெங்கு வந்து மூணு மாசம் கழிச்சு தலை குளிச்சா பாத்ரூம் ஜல்லடை அடைச்சுக்குற அளவுக்கு கொட்டுச்சு. சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒரு எண்ணெய், கருஞ்சீரகம், செம்பருத்தி, வெங்காயச் சாறுன்னு சொன்னாங்க. தோல் டாக்டர்கிட்ட போனப்பதான் ஒரு சின்ன கேமராவ வகிட்டுல வச்சு ஸ்க்ரீன்ல காட்டுனாங்க, ஒரே தொளையிலருந்து ஒரு முடி நல்ல தடிமனா, பக்கத்துல இன்னொண்ணு பூனை முடி மாதிரி மெலிசா, நெறமே இல்லாம. "காய்ச்சல்ல கொட்டுனது தானா வந்துடும்மா, இந்த மெலிசு வேற வியாதி, ரெண்டும் சேந்து இருக்கு"ன்னாங்க. தைராய்டும், ஒடம்புல இரும்பு எவ்வளவு இருப்பு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டினும் பாத்தாங்க, ஃபெரிட்டின் ரொம்பக் கம்மி. இரும்பு மாத்திரையும், முடி வளர மினாக்சிடில்ங்கற மருந்தும் குடுத்தாங்க. ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல இன்னும் அதிகமா கொட்டுச்சு, அப்படி ஆகும்னு அவங்க முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா நான் பயந்து தூக்கிப் போட்டிருப்பேன்.

குழந்தை பெத்துக்குற வயசுல பொம்பளைங்களுக்கு ஃபினாஸ்டரைடு ஆகாது, கிளாஸ்கோடெரோனோட அந்த ரெண்டு சோதனையிலயும் ஆம்பளைங்க மட்டுந்தான். பிபி405 சோதனையில பொம்பளைங்களையும் சேத்தாங்கன்னு படிச்சப்ப நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அவங்க பெருசா சொன்ன அந்த 31 சதவீதம் ஆம்பளைங்களுக்குத்தான், எங்க கணக்கையும் அதே மாதிரி தெளிவா போடட்டும்.

யாழ்லண்டன்:
வணக்கம். நான் இஞ்ச லண்டனில இருக்கிறன். தலைமயிர் கொட்டுறதுக்கு ஃபினாஸ்டரைட் இஞ்ச அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ்ஸில தரமாட்டினம், காசு குடுத்துத்தான் எடுக்கோணும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எல்லாம் வரக்கூடும், வந்தா உடன நிப்பாட்டி டொக்டரோட கதையுங்கோ எண்டு 2024இல எச்சரிக்கை அட்டை ஒண்டு கொண்டு வந்தவை. 2025 மே மாசம் ஐரோப்பிய மருந்து முகமையும் தற்கொலை எண்ணத்தை பக்கவிளைவு எண்டு உறுதிப்படுத்தினது. நிறையப் பேருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, எனக்கு மனம் சரியா விழுந்து போச்சு, மருந்தாலயோ வேலையாலயோ சொல்லேலாது, டொக்டரோட கதைச்சு நிப்பாட்டினன். அதாலதான் தோலோட நிக்கிற மருந்து ஒண்டு வரோணும் எண்டு நான் இவ்வளவு எதிர்பார்க்கிறன். என்னைப் போல ஆக்களுக்கு அது வெறும் வடிவுக்கான விசயம் இல்லை.

வீட்டில பூனை இருக்கிறவை கவனம், மினொக்சிடில் பூனைக்கு நஞ்சு, கொஞ்சம் நக்கினாலே ஆபத்து. நான் பூசினாப் பிறகு காயும் மட்டும் அறைக் கதவைச் சாத்திப்போடுவன், தலையணை உறையும் தனி.

மதுரக்காரன்:
எல்லாரும் சந்தேகமாவே பேசுறீங்க, நல்லது நடந்ததையும் சொல்றேன். என் தங்கச்சிக்கு புழுவெட்டு, காசு அளவுல ஆரம்பிச்சு தலை பூரா போயி புருவமும் போயிருச்சு. ஊர்ல சின்ன வெங்காயத்த தேய்க்கச் சொன்னாங்க, தேய்ச்சு தேய்ச்சு புண்ணானதுதான் மிச்சம். 2022ல பாரிசிட்டினிப்புக்கு அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சுல்ல, புழுவெட்டுக்குன்னு வந்த மொத மாத்திரை, அது நம்ம ஊர்லயும் கெடைக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. டிபி இருக்கான்னு பாத்து, ரத்தமெல்லாம் எடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. மொதல்ல புருவத்துல வந்துச்சுய்யா, பென்சில்ல லேசா இழுத்த மாதிரி. எங்கம்மா அவ மொகத்த ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு தடவித் தடவி பாத்துச்சு. நிறுத்துனா திரும்பக் கொட்டலாம்னு சொல்லிருக்காங்க, அந்தப் பயம் இருக்கு. ஆனா பத்து வருசத்துக்கு முன்னாடி இதுக்கு மருந்தே கெடையாதுன்னாங்களே.

இது நம்ம வழுக்கைக்கு ஆகாது, அது ஒடம்பே வேர தாக்குற வியாதி, இது டிஹெச்டி. ரெண்டயும் கொழப்பி வீடியோ போடுறாய்ங்க, பாத்து.

சின்னவன்:
அண்ணா எனக்கு இருபது வயசு, உச்சி மெலிய ஆரம்பிச்சிருக்கு. பிபி405 வர்ற வரைக்கும் ஒண்ணும் போடாம இருந்துட்டு அப்புறம் நேரா அதப் போட்டுக்கலாமா?

கொங்குத் தம்பி:
வேண்டாம் தம்பி. மூணாவது கட்டம் முடிஞ்சு, அனுமதி வாங்கி, நம்ம ஊருக்கு வந்து, நம்ம கைக்கு ஏத்த வெலையில கெடைக்கறதுக்குள்ள உன் உச்சியில எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. மெலிஞ்ச முடிய காப்பாத்தறது சுளுவு, போன முடிய கொண்டு வர்றதுதான் கஷ்டம். இந்த வாரமே ஒரு தோல் டாக்டர பாரு, அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் எந்த வயசுல போச்சுன்னு கேட்டுக்கிட்டு போ. மாத்திரை குடுத்தா லண்டன் அண்ணன் சொன்ன அந்த மனசு விசயத்த அவருகிட்ட தெளிவா கேளு. மாசத்துக்கு ஒரு தடவ அதே எடத்துல, அதே லைட்டுல, தலை காய்ஞ்சப்பறம் உச்சிய போட்டோ எடுத்து வச்சுக்க, தினமும் கண்ணாடியில பாத்தா ஒண்ணும் தெரியாது.

கிளாஸ்கோடெரோனோட முழு முடிவு வெளிவந்து, எத்தன முடிங்கற கணக்கு கெடச்சா நான் இங்கயே போடறேன்.