செத்துப்போன பகைவருக்குப் பூசை கொடுக்கலாமா?

கத்தோலிக்க நண்பர்களிடம் ஒரு சந்தேகம். வரப்புத் தகராறில் எங்கள் அப்பாவைக் கோர்ட்டு கோர்ட்டாக அலையவிட்ட பங்காளி ஒருவர், ஒப்புரவாகாமலேயே இறந்துவிட்டார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவர் பெயரையும் பூசைக் கருத்தில் (யாருக்காகப் பூசை என்ற குறிப்பில்) எழுதிக் கொடு என்கிறார் அம்மா. புராட்டஸ்டன்ட் சபையான சிஎஸ்ஐ-க்குப் போகும் மச்சான் செத்தவர்களுக்கு ஜெபமே கூடாது என்கிறார், சரி, அது தெரிந்த கதைதான். என் குழப்பம் வேறு. பகைவருக்காக வேண்டுங்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:44 உயிரோடு இருக்கிற பகைவரைப் பற்றியது மாதிரிதான் படுகிறது, மறைசாட்சி ஸ்தேவான் வேண்டிக்கொண்டதும் தன்மேல் கல்லெறிந்துகொண்டிருந்தவர்களுக்காக. 2 மக்கபேயர் 12-இல் படைத்தலைவர் யூதா பலிக்குப் பணம் அனுப்பியதோ போரில் செத்த தன் வீரர்களுக்கு, எதிரிப் படைக்கு இல்லை. செத்த பகைவருக்கென்று திருச்சபைப் போதனையில் நேரடியாக ஏதாவது இருக்கிறதா? அப்புறம், மனசு ஒட்டாமல் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பலன் உண்டா? பங்குச் சாமியாரிடம் கேட்கலாம்தான், அவர் அந்த வீட்டுக்கு நெருக்கம்.