பிளஸ் ஒன் மாணவர்களின் மேற்படிப்புத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (உசிலம்பட்டி ஆசிரியை):

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இவ்வாண்டு பிளஸ் ஒன் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பெரும்பாலோருடைய பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி வாசலை மிதித்தவர்கள் மிகச் சிலரே. சென்ற வாரம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று எழுதச் சொன்னேன். 11 பேர் போலீஸ் என்றும், 9 பேர் நர்ஸ் என்றும் எழுதினார்கள். பலர் வெறுந்தாளையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மாணவி, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் டீச்சர்" என்று எழுதி, பிறகு அதையும் அடித்திருந்தாள். பிளஸ் டூ வந்துவிட்டால் பொதுத்தேர்வைத் தவிர வேறெதற்கும் நேரமிருக்காது என்பதால், இந்த ஆண்டே இவர்களுக்கு வழிகாட்ட நினைக்கிறேன். எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில் (மேலூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

அம்மா, என்ன ஆகப்போகிறாய் என்ற கேள்வியைச் சில வாரம் ஒத்திவைத்துவிட்டு, முதலில் காகிதங்களைப் பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் கலந்தாய்வு நேரத்தில் ஒரு சான்றிதழுக்காக இ-சேவை மையத்து வாசலில் நிற்பதைப் பல ஆண்டுகள் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். என் மாணவன் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொரு முன்னெழுத்தும் இருந்தன. அதைத் திருத்துவதற்கே அந்தக் கோடை முழுவதும் அவனும் அவன் தகப்பனாரும் அலைந்தார்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போதே குறித்துவையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் 6-ஆம் வகுப்பிலிருந்து இதுவரை எங்கே படித்தது என்பதை வகுப்பு வாரியாக எழுதி வாங்குங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. உங்கள் பக்கத்தில் நிறைய உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். அரசு உதவிபெறும் பள்ளிகள் சேரா. இந்த வேறுபாட்டைப் பெற்றோரில் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

நர்ஸ் என்று எழுதியவர்கள் எந்த குரூப்பில் படிக்கிறார்கள் என்று உடனே பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங்கிற்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். போலீஸ் என்று எழுதியவர்களிடம், இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பே போதும் என்றாலும், உதவி ஆய்வாளர் தேர்வை எழுதப் பட்டம் வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாண்டுப் படிப்பை வீண் என்று நினைக்கும் வீடுகளில் இந்த ஒரு செய்தி பேச்சையே மாற்றிவிடுகிறது.

பதில் (திருமங்கலம், பாலிடெக்னிக் படித்தவர்):

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிள்ளைகளை ஒரு நாள் மதுரைக்கு அழைத்துவந்து கல்லூரிகளைக் கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். 1946-இல் தொடங்கிய தமிழ்நாடு பாலிடெக்னிக், 1965-இல் தொடங்கிய மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி, அதே ஆண்டில் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி ஆகிய மூன்றும் உங்கள் மாணவர்கள் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. நான் முதன்முதலில் ஒரு பணிமனைக்குள் நுழைந்தபோது, லேத்தில் சுருள் சுருளாக உதிர்ந்த இரும்புச் சீவலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் சூடு இன்னும் ஆறவில்லை. அன்றுதான் இந்தப் படிப்பு எனக்கானது என்று தோன்றியது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பொறியியல் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

பதில் (செக்கானூரணி, ஒரு தாய்):

டீச்சர், தாளில் எழுதி அடித்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். என் மகளின் ஆசிரியை வந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் என்று விளக்கிய பிறகுதான் என் மாமியார் சம்மதித்தார். பேருந்துச் செலவுக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் பெரிய வார்த்தையாக இருந்தது.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. இன்று பட்டியல் எடுத்ததில், இரண்டு பேர் ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்திப் படித்திருப்பது தெரிந்தது. இவர்களுக்கு என்ன வழி?

மேலூர்:

7.5 விழுக்காட்டில் அவர்கள் வரமாட்டார்கள் அம்மா. அதைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருக்கிறது. பொறியியலில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். ஆகவே அந்த இருவரும் பொறியியலை விரும்பினால், அவர்களுக்குக் கணிதத்தில் கூடுதல் பயிற்சியை இந்த மாதமே தொடங்குங்கள்.