புனித வாரத்தில் படுக்கையில் இருப்பவர் அருகே எதை வாசிப்பது?

ஈசூன்_அன்பியம் கேட்டது:

எங்கள் அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கின் வட்டாரக் குழு) ஒரு ஐயா, எழுபதைத் தாண்டியவர். புற்றுநோய் முற்றி வீட்டிலேயே படுக்கை. நினைவு தெளிவு, பேச்சு குறைவு, ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கா ஞாயிறு மூன்று நாளும் வீட்டில் ஜெபம் வைக்கக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமையே உயிர்ப்பைப் பற்றிப் பேசலாமா? எந்தப் பகுதி, எவ்வளவு நேரம்? விழுங்கச் சிரமப்படுகிறார், நன்மை (திருப்பலியில் தரும் அப்பம்) கொடுக்க வழி உண்டா? மருமகள் வீட்டார் மெதடிஸ்ட் (புரொட்டஸ்டன்ட் சபை), அவர்களும் வருவார்கள்.

வாசகர்63:

ஒரு நாளைக்கு 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கோவிலில் வாசிப்பதுபோல் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் யோவான் 18, 19 இரண்டு அதிகாரத்தையும் படுக்கை அருகே வாசித்தால் பாதியிலேயே அவர் களைத்துவிடுவார்.

வியாழன்: மாற்கு 14:32-36, ஐந்தே வசனம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு திகிலுற்றதும், துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும்படி கேட்டதும் இதில் வருகின்றன. இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நாள் என்பதால், ஐயாவுக்குப் பிடித்தால் அவர் பாதம் கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீர், சின்னப் பேசின், சோப்பு வேண்டாம், விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். பேரப்பிள்ளை கழுவட்டும். கால் வீங்கியிருந்தால் பராமரிப்பவரைக் கேட்ட பிறகே தொடுங்கள்.

வெள்ளி: திருப்பாடல் 22. சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" இந்தப் பாடலின் முதல் வரிதான். மொத்தம் 31 வசனம். முறையீடாக ஓடி 22ஆம் வசனத்தில் புகழ்ச்சியாகத் திரும்புகிறது. 1 முதல் 11 வரை வாசித்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு 22 முதல் 24 வரை. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில்: உயிர்ப்பின் வாசனை வெள்ளிக்குள்ளேயே இருக்கிறது, நாம் மேலே தெளிக்க வேண்டியதில்லை. முறையீட்டைத் தாண்டிக் குதித்தால் அவருடைய வலியை நாம் கேட்க விரும்பவில்லை என்றுதான் அவருக்குப் படும்.

ஞாயிறு: யோவான் 20:24-29, தோமையார். சென்னையில் தோமையார் மலையான பரங்கிமலை ஏறிய குடும்பம் என்றால் தோமையாருக்கு முன்னுரையே தேவையில்லை. உயிர்த்த உடலிலும் ஆணித்தழும்பு இருக்கிறது, விலாவில் கைவிடும் காயமும் இருக்கிறது. பட்ட பாடு ஒன்றுமே நடக்காததுபோல் அழிந்துவிடவில்லை. ஊசி குத்திக் கறுத்த கையோடு படுத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் குறை. சனிக்கிழமையை விட்டுவிட்டீர்கள்.

நர்ஸ்_அக்கா:

முதலில் மெழுகுவர்த்தி. ஆக்சிஜன் ஓடும் அறையில் தீபம், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கூடாது. தீப்பிடிக்கும். பேட்டரி விளக்கு வையுங்கள். சாம்பிராணியும் மல்லிகைச் சரமும்கூட மூச்சுத் திணறலைக் கூட்டலாம்.

வாயால் மார்ஃபின் மருந்து குடிப்பவர் என்றால் குடித்து அரைமணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பியுங்கள். சாதாரண மார்ஃபின் திரவம் வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், நாலு மணி நேரம்போல் தாங்கும். நீங்களாக வேளையை மாற்ற வேண்டாம், ஜெபத்தை மருந்துக்கு ஏற்ப வையுங்கள்.

பெரிய வெள்ளி பொது விடுமுறை. பிற்பகல் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் ஒரே நேரத்தில் இருபது பேர் அந்த வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு அறைக்குள் நுழைவார்கள். அறைக்குள் நாலு பேர், மற்றவர்கள் ஹாலில். வாசிப்பவர் ஒருவரே, நின்றபடி அல்ல, நாற்காலியில் அவர் முகத்துக்கு நேராக. கண்ணை மூடியிருந்தாலும் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் நின்று "இன்னும் எத்தனை நாளாம்?" என்று கிசுகிசுப்பவரை ஹாலுக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்புதான்.

ஷார்ட்_ஸ்ட்ரீட்_வாசி:

மெதடிஸ்ட் பக்கத்திலிருந்து. கர்த்தருடைய ஜெபத்தில் அடி தடுக்கும், முன்பே பேசிவையுங்கள். நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", நீங்கள் இப்போது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". அந்த வயதுக் கத்தோலிக்கருக்குப் பெரும்பாலும் பழைய பரமண்டலமே மனப்பாடம். அவர் வாய் எதை முணுமுணுக்கிறதோ அதையே எல்லாரும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில்தான் வரும் என்றால் அப்படியே சொல்லட்டும், திருத்தாதீர்கள்.

சொல்லக்கூடாதவை சில. "விசுவாசம் இருந்தால் குணமாகும்." பவுல் தன் உடலில் முள்போல் குத்திய துன்பம் நீங்க மூன்று தரம் வேண்டினார், அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). கெத்செமனேயில் இயேசுவும் மூன்று தரம் ஜெபித்தார், துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. விசுவாசக் குறைவு என்று இவர்களிடம் யார் சொல்வது? அடுத்தது ரோமர் 8:28, தேவனிடம் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கே நடக்கும் என்பது. நல்ல வசனம்தான். ஆனால் அதே அதிகாரத்தில் 22, 23ஆம் வசனங்களில் சிருஷ்டியும் நாமும் சேர்ந்து தவிப்பதைச் சொல்லிய பிறகே 28 வருகிறது. தனியாகப் பிடுங்கிச் சொன்னால் அதட்டலாகிவிடுகிறது.

பலி என்ற சொல்லிலும் கவனம். எபிரெயர் 10 சொல்வது ஒரேதரம் செலுத்தப்பட்ட பலி. அவருடைய வலி யாருடைய பாவத்துக்கும் பாக்கி கட்டுவதல்ல.

வாசகர்63:

இதில் பாதி ஒத்துப்போகிறேன். கத்தோலிக்கரான எங்களிடம் துன்பத்தைக் கடவுளுக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கும் வழக்கம் உண்டு. போப் இரண்டாம் ஜான் பால் 1984இல் துன்பத்தின் பொருள் பற்றியே ஒரு மடல் எழுதினார், பிப்ரவரி 11 தேதியிட்டது, லூர்து அன்னை திருநாள். கிறிஸ்துவின் பலியில் எதுவும் குறையவில்லை, அதில் பங்குபெற நமக்கு இடம் இருக்கிறது என்பது அதன் சாரம். ஆனால் ஐயா தானாகச் சொன்னால்தான் அது ஒப்புக்கொடுத்தல். பக்கத்தில் நிற்பவர் "ஒப்புக்கொடுங்க, ஒப்புக்கொடுங்க" என்றால் அது வாயை அடைப்பது.

ஈசூன்_அன்பியம்:

நன்றி. சனிக்கிழமை என்ன செய்வது? நன்மை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஒஃபிர்_ரோடு_பீடம்:

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நோயாளிக்கு எந்த நேரத்திலும் நன்மை கொண்டுபோகலாம். நோயில் பூசுதலுக்கும் (ஃபாதர் எண்ணெய் பூசி ஜெபிப்பது) வெள்ளியில் தடையில்லை, நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். நன்மைக்கு முன் இருக்கும் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் கிடையாது. விழுங்க முடியாவிட்டால் அப்பத்தில் சின்னத் துணுக்கு போதும். அதோடு தண்ணீர் கொடுப்பதானால் அவர் வழக்கமாகக் குடிக்கும் கெட்டியாக்கிய தண்ணீரையே கொடுங்கள். துணுக்கும் இறங்காதென்றால் இரச (திராட்சை ரசம்) வடிவில் மட்டும் கொடுக்கலாம், அதற்கு ஃபாதரிடம் முன்பே சொல்ல வேண்டும். புனித வாரத்தில் பங்கு அலுவலகத்தைப் பிடிப்பது கஷ்டம், குருத்து ஞாயிறுக்கு முன்பே அழையுங்கள். மெதடிஸ்ட் உறவினர்கள் ஜெபத்தில் முழுமையாகச் சேரலாம், நன்மை மட்டும் வாங்குவதில்லை.

சனிக்கிழமை நன்மை வழியுணவாக மட்டுமே, அதாவது இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமே. அந்த நிலை வந்தால் நேரம் பார்க்காமல் ஃபாதரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கையில் எதுவும் இல்லாமல் போங்கள். வாசகம் வேண்டாம், பாட்டு வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே செய்தார்கள், வாயைத் திறந்தபோதுதான் கெட்டது. இரண்டு பேர் போய் பத்து நிமிடம் உட்காருங்கள். அவர் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள்.