மகனுக்கு ஆபரேஷன் ஒரு மணி நேரம், பில்லோடு மூன்று மாதம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். ஒன்பது வயது. ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். ஒரு மணிக்கு வலி வலப்பக்கம் இறங்கியதும் எமர்ஜென்சிக்கு ஓடினோம். குடல்வால் வீங்கியிருந்தது. விடிவதற்குள் எடுத்துவிட்டார்கள், சனிக்கிழமை ராத்திரியே வீட்டில் ரசம் சாதம் கேட்டான். அந்த சர்ஜன் அம்மா ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கியது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கவர்கள் வர ஆரம்பித்தன. மருத்துவமனையிலிருந்து ஒன்று, சர்ஜனிடமிருந்து ஒன்று, ஸ்கேன் படித்தவர் ஒன்று, திசுவைச் சோதித்தவர் ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவர் ஒன்று. மருத்துவமனை எங்கள் நெட்வொர்க்கில்தான், அதாவது எங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டரின் குழு மட்டும் இல்லையாம். 2,340 டாலர் கட்டச் சொல்லி முப்பது நாள் கெடு. கார்டை எடுத்து எண்ணைத் தட்டும்போதுதான் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் தடுத்தார்.

2022 ஜனவரி 1 முதல் ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ நடைமுறையில் இருக்கிறது. எமர்ஜென்சியில் யார் பார்த்தாலும், நெட்வொர்க்கில் இருப்பவருக்குக் கட்டும் பங்கை மட்டும்தான் நம்மிடம் கேட்க முடியும். மிச்சத்தை அவர்களும் இன்ஷூரன்ஸும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனில் கூட, மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தால் மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன் படிப்பவர் போன்றவர்கள் ‘அந்தப் பாதுகாப்பு வேண்டாம்’ என்று நம்மிடம் கையெழுத்து வாங்கவே கூடாது. நான்கு போன், இரண்டு கடிதம், மூன்று மாதம் ஆனது. கடைசியில் கட்டியது 310 டாலர்.

இன்ஷூரன்ஸ் அனுப்பும் விளக்கத் தாளில் ‘இது பில் அல்ல’ என்று போட்டிருக்கும். அது கைக்கு வராமல் எந்த பில்லையும் கட்டாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சார்லட், வட கரோலினா

அந்தச் சட்டத்தில் ஆம்புலன்ஸ் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டரில் தூக்கிப்போனால் சேரும், சாலையில் போகும் வண்டி சேராது. ஆபீஸில் மயங்கி விழுந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் 911-ஐக் கூப்பிட்டார்கள். ஆறு மைலுக்கு 1,780 டாலர். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக என் தலையில் 1,100. கெஞ்சிப் பேசி 700-க்கு முடித்தேன். சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன, உங்கள் ஊரில் உண்டா என்று பாருங்கள்.

ஆஸ்டின், டெக்சாஸ்

இது எங்கள் அம்மாவைப் பற்றியது.

அம்மாவுக்கு 68 வயது, மன்னார்குடியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். ஒரு நாள் விடியற்காலை “நெஞ்சைக் கரிக்குதும்மா, படபடன்னு வருது” என்றார். எமர்ஜென்சியில் நான் ‘நெஞ்சு வலி’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒரு இரவு கண்காணிப்பு. அந்த வயதில் அப்படித்தான் பார்க்க வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

நர்ஸ் என்னைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். நான் இருக்கும்போது எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் அதைக்கூட விடாமல் டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை பற்றிக் கேட்டார். அப்போதுதான் அம்மா சொன்னார்: பி.பி. மாத்திரையை ஒரு மாதமாகப் பாதியாக உடைத்துப் போடுகிறாராம். மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்தது. பிரசவத்துக்கு அப்புறமும் நான் இருக்கச் சொன்னதால் ஆறு மாதத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. “இங்க டாக்டரைப் பாக்கணும்னா ஏகப்பட்ட காசாமே, புள்ளைக்கு எதுக்குச் செலவு வைக்கணும்.” திரைக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டேன்.

பில் 19,600 டாலர். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விலை குறைவு என்று ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’ வகையை எடுத்திருந்தோம். எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு என்று அதில் உச்சவரம்பு. பி.பி. முன்பே இருந்த வியாதி என்று பாதியை நிராகரித்து 2,100 கொடுத்தார்கள். மருத்துவமனையின் உதவித் திட்டத்துக்கு எழுதிப் போட்டேன். இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான் என்று திருப்பிவிட்டார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கான தள்ளுபடி உண்டு என்று ஃபோனில் ஒருவர் சொன்னார். வரிவரியாக விவரம் கேட்டு வாங்கியதில், எடுக்காத ஒரு ஸ்கேனும் இருந்தது. எல்லாம் போக 7,400. வட்டியில்லாமல் 36 மாதத் தவணை.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. போன வாரம் அம்மாவுக்கு மறுபடி நெஞ்சு கரித்திருக்கிறது. என்னிடம் சொல்லவே இல்லை. மோரில் பெருங்காயம் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் டம்ளரைக் கழுவும்போது வாசனையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

மேற்கு கேன்சஸ்

ஆஸ்டின் அம்மாவின் மாத்திரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் டாக்டர். மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். இங்கே ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனைப் பயிற்சி முடித்தேன். அந்த விசாவில் வந்தால் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்கலாம். ‘கான்ராட் 30’ என்பார்கள், வருடத்துக்கு ஒரு மாநிலத்துக்கு முப்பது பேர். அப்படித்தான் இந்தக் கோதுமை வயல்களுக்கு நடுவே வந்தேன். மூன்று வருடம் முடிந்தும் போகவில்லை. நான் போனால் அடுத்த டாக்டர் ஐம்பது மைல் தள்ளி இருக்கிறார்.

மதுரையில் ஓ.பி.யில் ஒரு காலையில் நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். இங்கே நாளுக்கு இருபது பேர்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம், அதில் பாதி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு. மிச்சக் குறிப்புகளைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டில் தட்டுகிறேன். இங்கே டாக்டர்கள் அதற்குப் ‘பைஜாமா டைம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரையர் ஆத்தரைசேஷன், அதாவது மருந்துக்கு இன்ஷூரன்ஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவதுதான் என்னை உடைக்கிறது. முடக்குவாதம் வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஊசி எழுதினேன். முதலில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு இன்ஷூரன்ஸ் மறுத்தது. அது கொடுத்து, கல்லீரல் பாதித்து நிறுத்தியது எல்லாம் நான் அனுப்பிய குறிப்பிலேயே இருந்தது. அவர்கள் தரப்பு டாக்டரோடு பேச நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் மூட்டு நோய் மருத்துவரே இல்லை. மூன்று நிமிடத்தில் சரி என்றார். அந்த மூன்று நிமிடத்துக்காக அந்த அம்மா ஏழு வாரம் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இருந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 2022 குளிர்காலத்தில் ஒரு விவசாயி, 61 வயது, இன்ஷூரன்ஸ் இல்லை. முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் வர 65 ஆக வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டை விரிவாக்காத மாநிலங்களில் கேன்சஸும் ஒன்று. இன்சுலினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். என்னிடம் மூன்று முறை வந்தும் சொல்லவில்லை, வெட்கம். நானும் சர்க்கரை ஏறுகிறதே என்று அளவைக் கூட்டி எழுதிக்கொண்டே இருந்தேன். நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். பிழைத்தார், சிறுநீரகம் போய்விட்டது. அடுத்த வருடம்தான் பெரிய இன்சுலின் நிறுவனங்கள் மூன்றும் விலைக் குறைப்பை அறிவித்தன. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “மருந்து வாங்க முடிகிறதா?”

நீங்களாகவே சொல்லுங்கள். வாங்க முடியாது என்றால் வேறு மருந்து எழுத எனக்குத் தெரியும். வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, பணத்துக்குப் பயந்து எமர்ஜென்சிக்கு வராமல் இருக்காதீர்கள். 1986-ஆம் வருடச் சட்டப்படி, காசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பரிசோதித்து உயிரை நிலைப்படுத்தியே ஆக வேண்டும். பில் வரும், உண்மைதான். ஆனால் திருப்பி அனுப்ப முடியாது.

அட்லாண்டா, ஜார்ஜியா

பதினோரு வருடமாக ஒரு கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். நம்மவர்களின் க்ளெய்ம் திரும்பி வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயரை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்கள். இன்ஷூரன்ஸ் கார்டில் ஒரு வரிசை, டிரைவர் லைசென்ஸில் வேறு வரிசை. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். இப்படித் திரும்பியதையே ‘இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது’ என்று நினைத்து முழுப் பணத்தையும் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

உண்மையிலேயே மறுத்தாலும் விடாதீர்கள். கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் மறுத்தால், வைத்திய ரீதியான காரணம் சொல்லியிருந்தால் வெளியாட்களின் ஆய்வுக்கு நான்கு மாதத்துக்குள் அனுப்பலாம், அவர்கள் சொல்வது இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்தும். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் உதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். ஆஸ்டின் தோழி, உங்களைத் திருப்பிவிட்ட கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் குடியிருப்பு விதிக்கு எமர்ஜென்சியில் விலக்கு இருக்கும்.

ரெட்மண்ட், வாஷிங்டன்

மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு வளையல் வாங்கிய வாரம் எனக்கு வேலை போனது. இன்ஷூரன்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது என்றார்கள். எச்-1பி வேலை விசாவுக்கு 60 நாள், அதற்குள் வேறு வேலை. கோப்ரா எடுக்க 60 நாள். அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையில் புது பாலிசி எடுக்க 60 நாள். மூன்று அறுபதையும் ஃபிரிட்ஜில் ஒட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தோம்.

கோப்ரா என்றால் அதே பாலிசி, கம்பெனி கட்டியதையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், மேலே 2 சதவீதம். எங்களுக்கு மாதம் 1,900 டாலர் வந்தது. புதுப் பாலிசி விலை குறைவு. ஆனால் அந்த வருட டிடக்டிபிளை, அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகையை, ஏற்கெனவே கட்டி முடித்திருந்தோம், மாறினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. டாக்டரையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். சேமிப்பை உடைத்துக் கோப்ரா கட்டினோம். ஐம்பத்து நான்காம் நாள் வேலை கிடைத்தது. மகள் பிறந்தாள். பிரசவ அறையில் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கார்டு ஆக்டிவ்தானே?”

ஆஸ்டின், டெக்சாஸ்

கேன்சஸ் டாக்டருக்கும் அட்லாண்டா அக்காவுக்கும் நன்றி. கொள்கையை எழுத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

டாக்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்சுலின் விவசாயி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். சனிக்கிழமை ஒரு டாக்டரிடம் காசு கொடுத்துக் காட்டினோம், 140 டாலர். அதே பி.பி. மாத்திரை, 90 நாளுக்கு, மருந்துக் கடையில் 11 டாலர்தான். அம்மா நம்பவில்லை. ரசீதைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு அதை மடித்து, பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார்.