எஜெக்ட் பொத்தானுக்கு ‘விடுவி’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பென்டிரைவையோ மெமரி கார்டையோ கழற்றும் முன் போனில் அழுத்த வேண்டிய பொத்தானின் பெயர்தான் ‘அன்மவுண்ட்’, ‘எஜெக்ட்’. போன வாரம் அந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு நம் மொழிபெயர்ப்புக் குழுவுக்கு வந்த மடலுக்கு ‘இறக்கு’, ‘வெளியேற்று’, ‘பாதுகாப்பாக அகற்று’ என்று மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் ஏற்கெனவே அங்கங்கே புழங்குபவைதான். மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என் சித்தப்பா கதை. ஓய்வு பெற்றவர். டேப்லெட்டைத் தமிழிலேயே வைத்திருப்பவர். அதாவது, நாம் யாரை நினைத்து மொழிபெயர்க்கிறோமோ அந்த அபூர்வப் பிறவி. பேத்தியின் காதுகுத்துப் படங்களை டைப்-சி பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆல்பம் அடிக்க ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே கணினியில் செருகிப் பார்த்தால் பாதிப் படங்கள் திறக்கவில்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0. “காப்பி முழுசா முடிஞ்சுதுப்பா, நூறு சதவீதம் வந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்” என்று சாதித்தார். எடுப்பதற்கு முன்னால் அந்தப் பொத்தானை அழுத்தினீர்களா என்று கேட்டேன்.

“அதுல அகற்றுன்னு இருக்கு. அழுத்தினா எல்லாம் போயிடாதா?”

அவர் மேல் தப்பே இல்லை. அதே திரையில் செயலியை அகற்றினால் செயலி போய்விடுகிறது. கணக்கை அகற்றினால் கணக்கு போய்விடுகிறது. பென்டிரைவை மட்டும் அகற்றினால் ஒன்றும் ஆகாது என்று அவர் எதை வைத்து ஊகிப்பார்? முன்னால் ‘பாதுகாப்பாக’ என்று சேர்த்தாலும் தீராது. என் போனில் இடம் பத்தாமல் ‘பாதுகாப்பாக அ…’ என்று பாதியில் நிற்கிறது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1984இல் வந்த மெக்கின்டாஷில் ஃப்ளாப்பியை வெளியே எடுக்க அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம். உள்ளே இருப்பதும் குப்பைக்குப் போய்விடுமோ என்று கைநடுங்கியவர்கள் நிறைய. பல வருடம் கழித்து மேக் ஓஎஸ் டென்னில், வட்டை இழுக்கத் தொடங்கியதுமே தொட்டி மறைந்து எஜெக்ட் முக்கோணம் தோன்றும்படி செய்தார்கள். அவர்களுக்குப் படத்தை மாற்ற முடிந்தது. நம் கையில் சொல் மட்டும்தான் இருக்கிறது.

சரி, அந்தப் பொத்தானை அழுத்தினால் போன் என்னதான் செய்கிறது? ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருந்து எல்லா வேலையையும் நடத்துவது லினக்ஸ் கரு (கெர்னல்). பென்டிரைவில் எழுதச் சொன்னதை அது முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். உண்மையான எழுத்து வேலை பின்னால் மெதுவாக நடக்கும். மளிகைக் கடைக்காரர் பகலெல்லாம் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, கடை சாத்துமுன் பேரேட்டில் எழுதுகிற மாதிரி. நூறு சதவீதம் என்று காட்டியபோது சித்தப்பாவின் பாதிப் படங்கள் துண்டுச்சீட்டில்தான் இருந்திருக்கின்றன. போதாததற்குப் பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறைகள் இரண்டிலுமே, பாதியில் நின்ற வேலையைப் பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்ய உதவும் பதிவேடு கிடையாது. போனால் போனதுதான். பொத்தானை அழுத்தினால் போன் மிச்சம் மீதியை எழுதி முடிக்கிறது, திறந்திருக்கும் கோப்புகளை மூடுகிறது, அப்புறம் பென்டிரைவிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறது. அழிப்பது, துரத்துவது எதுவும் அதில் இல்லை.

கணினியில் இந்தப் பழக்கம் விட்டுப்போனதும் ஒரு காரணம். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, செருகிக் கழற்றும் வட்டுகளுக்கு ‘சட்டென்று கழற்றலாம்’ என்கிற ஏற்பாடே இயல்பாகிவிட்டது. அங்கே உருவிப் பழகிய கை போனிலும் உருவுகிறது.

இதை வைத்துக்கொண்டு மூன்று சொற்களையும் உரசிப் பாருங்கள்.

‘இறக்கு’ அந்தக் காலத்து அன்மவுண்டின் நேர்ப்பெயர்ப்பு. நாடாச்சுருளையும் வட்டுக்கட்டையும் ஆள் தூக்கிக்கொண்டு போய் இயந்திரத்தில் ஏற்றிய காலம் அது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971இல் வந்தது, அதிலேயே மவுண்ட் (வட்டைச் சேர்த்துக்கொள்வது), யூமவுண்ட் (அதை விடுவது) இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. அன்றைக்கு ஏற்று, இறக்கு என்றால் வெகு பொருத்தம். இன்றைக்குப் பதிவேற்று, பதிவிறக்கு, தரவிறக்கு என்று அந்த இரண்டு வினைகளையும் இணையம் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘பென்டிரைவை இறக்கு’ என்று பார்த்தால், அதில் உள்ளதையெல்லாம் போனுக்கு இறக்கிக்கொள்ளப் போகிறது என்றுதான் நான் படிப்பேன்.

‘வெளியேற்று’ கேசட் காலத்துச் சொல். டேப்ரெக்கார்டரில் பொத்தானை அமுக்கினால் கதவு திறந்து கேசட் தலையை நீட்டும். பென்டிரைவ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வெளியே எதுவும் வருவதில்லை. தவிர, கணக்கிலிருந்து வெளியே போவதற்கு ‘வெளியேறு’ என்று வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு எழுத்து. கண்ணாடி போடாமல் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை.

ஆசைப்பட்டுக் கைவிட்ட ஜோடி ஒன்றும் உண்டு: பூட்டு, அவிழ். வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். மவுண்ட், அன்மவுண்டின் பொருள் இதைவிட அழகாக எங்கும் உட்காரவில்லை. ஆனால் போனில் ‘பூட்டு’ என்றால் திரைப்பூட்டுதான். ‘பென்டிரைவ் பூட்டப்பட்டது’ என்று செய்தி வந்தால் கடவுச்சொல் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘விடுவி’. பெயர்ச்சொல் ‘விடுவிப்பு’. கையால் செய்வதற்குச் ‘செருகு’, ‘கழற்று’ என்பவை தனியாக இருக்கட்டும், அவற்றை இதனோடு குழப்ப வேண்டாம். போன் விடுவிக்கிறது, மனிதர் கழற்றுகிறார். பிழைச்செய்தியில் வைத்துப் பார்த்தேன்: ‘ஒரு செயலி பயன்படுத்திக்கொண்டிருப்பதால் விடுவிக்க முடியவில்லை.’ படித்ததும் புரிகிறது. இதே இடத்தில் ‘வெளியேற்ற முடியவில்லை’ என்றிருந்தால் பென்டிரைவ் துளையில் சிக்கிக்கொண்டது என்று சிலர் இடுக்கியைத் தேடுவார்கள்.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து

———

வணக்கம் அண்ணா.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் செருகு என்று சொல்வது குறைவு. சார்ஜரை, பென்டிரைவை எல்லாம் ‘கொழுவு’ என்போம், பிறகு ‘கழட்டு’. இந்த இழையில் கொழுவு–கழற்று என்று எழுதத்தான் வந்தேன், உங்கள் மடலை வாசித்த பிறகு அவை கைவேலைக்குரிய சொற்கள் என்று விளங்கிவிட்டது. கொழுவுவது என்றால் சண்டை பிடிப்பதும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘விடுவி’ எங்கள் காதுக்கு வேறு விதமாகக் கேட்கும். இங்கே ‘காணி விடுவிப்பு’ என்பது பத்திரிகையில் அடிக்கடி வருகிற தலைப்பு. படையினர் வைத்திருந்த நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதைச் சொல்வது. முதலில் தயங்கினேன். யோசித்தால் பொருத்தமாகத்தான் கிடக்கிறது: காணி இருந்த இடத்திலேயே இருக்கும், வைத்திருந்தவர் கையை எடுப்பார், உரியவர் போகலாம். எனக்குச் சம்மதம்.

———

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சந்தேகம்.

ஒன்று, சேமிப்பிடம் நிறைந்துவிட்டால் ‘இடத்தை விடுவி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே விடுவித்தால் கோப்புகள் அழியும். சித்தப்பா மறுபடி பயப்பட மாட்டாரா?

இரண்டு, மவுண்டுக்கு என்ன சொல்? அன்மவுண்டுக்கு மட்டும் வைத்துவிட்டு ஜோடியை அந்தரத்தில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐபேடில் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோதுதான் கோப்புகள் செயலியில் வெளி வட்டுகள் தெரிய ஆரம்பித்தன, அதில் விடுவிக்கப் பொத்தானே வைக்கவில்லை.

———

பொத்தான் இல்லாததால் சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். துண்டுச்சீட்டு அங்கேயும் உண்டு. எப்போது உருவலாம் என்று சொல்ல ஆள்தான் இல்லை.

முதல் சந்தேகம் நியாயமானது. இடத்துக்குக் ‘காலியாக்கு’ என்று எழுதுவதே நல்லது என்பேன், அப்போது மோதல் வராது. பழைய மொழிபெயர்ப்புகளில் ‘இடத்தை விடுவி’ கண்ணில் பட்டால் நாமே மாற்றிவிடலாம்.

ஜோடி விஷயத்தில் நான் ஒத்துவரவில்லை. செருகியதும் போன் தானாகவே பென்டிரைவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சொல்லைப் பயனர் பார்ப்பதே, விடுவித்த மெமரி கார்டைக் கழற்றாமல் திரும்பப் பயன்படுத்த நினைக்கும்போதுதான். அதற்கு ‘மீண்டும் சேர்’ போதும். லினக்ஸ் ஆவணங்களுக்கு ஜோடி வேண்டுமென்றால் அது தனி இழை. ஆங்கிலத்தில் ஜோடியாக இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் கல்யாணம் செய்துவைக்க வேண்டியதில்லை.

நேற்று சித்தப்பாவிடம் ஒரு தாளில் ‘விடுவி’ என்று மட்டும் எழுதிக் காட்டினேன். “எதை?” என்றார். ‘பென்டிரைவை விடுவி’ என்று எழுதினேன். “இதை அழுத்தினா படம் போகாதுல்ல?” என்று அப்போதும் கேட்டார், ஆனால் அகற்றுக்குப் போட்ட முகத்தைப் போடவில்லை. அதன் கீழே ‘விடுவித்தாயிற்று. இனி கழற்றலாம்’ என்று எழுதியதும்தான், “ஆங், இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே” என்றார். ஆக, பொத்தானில் பொருளின் பெயரையும் சேர்த்தே போட வேண்டும், அழுத்திய பிறகு வரும் செய்தியைச் சுருக்கக் கூடாது.

திங்கட்கிழமைக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மன்னிக்கவும், சேர்த்துவிடுகிறேன்.

கோவையிலிருந்து